கீசர் பிளக்கும் 180 வோல்ட்டும்: வாசகர் கேள்விகள்

2000 வாட் கீசரை 6 ஆம்ப்ஸ் பிளக்கில் கன்வர்ட்டர் (பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் கட்டை) வைத்துப் போடலாமா சார்? தினமும் அரை மணி நேரம்தான்.

கூடாது. 2000-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப்ஸ் வருகிறது. ஒயரில் ஏறும் சூடு ஆம்ப்ஸின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 6 ஓட வேண்டிய இடத்தில் 8.7 ஓடினால் சூடு இரண்டு மடங்கைத் தாண்டும். சாக்கெட் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி கொஞ்சம் தளர்ந்திருந்தால் அங்கேதான் முதலில் கருகும். அதற்கு அரை மணி நேரம் தாராளம். 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், தனி எம்.சி.பி. (ஆம்ப்ஸ் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) என்று போட்டுவிடுங்கள்.

மாலையில் எங்கள் தெருவில் 180 வோல்ட்தான் வருகிறது. வோல்ட் குறைந்தால் ஆம்ப்ஸ் கூடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஓம் விதிப்படி குறையத்தானே வேண்டும்?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், எந்தப் பொருள் என்பதில்தான் விஷயம். அதே கீசரை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை ஏறக்குறைய 26.5 ஓம். 180 வோல்ட்டில் 6.8 ஆம்ப்ஸ்தான் இழுக்கும், வாட் 1225-க்கு இறங்கிவிடும். தண்ணீர் சுட நேரமாகும், வேறு கெடுதல் இல்லை.

தண்ணீர் மோட்டார் அப்படியில்லை. வோல்ட் குறைந்தாலும் அதன் வேகம் கொஞ்சம்தான் குறையும். ஏற்ற வேண்டிய தண்ணீரும் கிட்டத்தட்ட அதேதான். அந்த வேலையைச் செய்ய அது கூடுதல் ஆம்ப்ஸ் இழுக்கிறது, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடாகிறது. சுற்றவே முடியாமல் உறுமிக்கொண்டு நின்றால் வழக்கத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். அப்போது உடனே நிறுத்தாவிட்டால் சுருள் கருகி, அதை மறுபடி சுற்றும் ரீவைண்டிங் செலவுதான். (சீலிங் ஃபேனும் மோட்டார்தானே என்பீர்கள். அதன் வேகம் குறையக் குறைய காற்றின் சுமையும் குறைந்துவிடுகிறது, அதனால் தப்பிக்கிறது.)

5 எச்.பி., 3 ஃபேஸ் மோட்டாருக்கு ஆம்ப்ஸ் எவ்வளவு?

ஒரு எச்.பி. 746 வாட், ஆக 3730 வாட். இதை 1.732 (3 ஃபேஸுக்கான எண், 3-இன் வர்க்கமூலம்) × 415 வோல்ட் × பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் வேலைக்கு உதவும் பங்கு) × மோட்டாரின் செயல்திறன் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். கடைசி இரண்டையும் 0.85 என்று வைத்தால் 7.2 ஆம்ப்ஸ். எச்.பி.க்கு ஒன்றரை ஆம்ப்ஸ் என்று மனக்கணக்காகவும் சொல்லலாம். ஆனால் ஆம்ப்ஸ் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை, மோட்டாரின் நேம் பிளேட்டில் உள்ள ஆம்ப்ஸைப் பார்த்தே செட் செய்யுங்கள்.

150 ஏ.எச். (ஆம்ப்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரியில் 350 வாட் சுமை எவ்வளவு நேரம் ஓடும்? கடைக்காரர் 5 மணி நேரம் என்றார்.

பேட்டரியின் 12 வோல்ட் × 150 = 1800 வாட்-மணி, அதை 350-ஆல் வகுத்திருக்கிறார். இன்வெர்ட்டரே தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சவும் கூடாது. அப்புறம், 150 என்ற எண் பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்குவதற்கான கணக்கு. நீங்களோ 30 ஆம்ப்ஸுக்கு மேல் இழுக்கிறீர்கள். புதுப் பேட்டரி என்றால் மூன்று மணி நேரம் எதிர்பார்க்கலாம்.