மாமியா, பராமரிப்பு நிலையமா? வேலைக்குத் திரும்பும் தாய்க்கு ஓர் ஆலோசனை

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். மகளுக்கு மூன்று மாதம். முழுச் சம்பளப் பிரசவ விடுமுறை அடுத்த மாதம் முடிகிறது. முழங்கால் வலியுள்ள என் மாமி, பிள்ளையைத் தானே பார்ப்பதாகச் சொல்கிறார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையமும் உண்டு. எதைத் தெரிவு செய்யலாம்?

பதில்: இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன்னர் உங்களுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைப் பாருங்கள். அரச ஊழியரான உங்களுக்கு, வார இறுதியும் பொது விடுமுறையும் நீங்கலான 84 நாள் முழுச் சம்பள விடுமுறைக்குப் பின்னர், அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும் அதன் பின் சம்பளமின்றி 84 நாட்களும் கிடைக்கும். அரைச் சம்பள விடுமுறையையாவது எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அது முடியும்போது பிள்ளை ஏறத்தாழ ஏழு மாதத்தை எட்டியிருக்கும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய முதல் ஆறு மாதங்கள் நிறைவடைந்து, 2, 4, 6 ஆம் மாதத் தடுப்பூசிகளும் போடப்பட்டிருக்கும். கடன் கழிவுகள் காரணமாக அரைச் சம்பளம் கையைக் கடிக்கும் என்றால், முன்னதாகவே வேலைக்குத் திரும்புவதனால் நிலையக் கட்டணத்துக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவை எழுதிக் கூட்டிப் பாருங்கள். இழப்பு நினைத்த அளவுக்கு இராது.

மாமியைப் பொறுத்தவரை, கிடத்திய இடத்தில் கிடக்கும் இன்றைய பிள்ளையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் வேலைக்குத் திரும்பும் காலமும் அவள் தவழத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். கட்டுத் தாழ்ந்த கிணறு, நீர் நிறைந்த வாளி, எரியும் அடுப்பு ஆகியவை உள்ள வளவில் தவழும் பிள்ளையின் பின்னால், முழங்கால் வலியுள்ள ஒருவரால் பகல் முழுவதும் எழுந்து திரிய இயலாது. அன்பு குறைவில்லை, உடல்தான் இடங்கொடாது. ஆகவே அறிந்த ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்தி, தூக்குவது, குளிப்பாட்டுவது போன்றவற்றை அவரிடமும், மேற்பார்வையை மாமியிடமும் விடுவது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இதனை உங்கள் கணவரே தாயாரிடம் எடுத்துச் சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது குறை சொல்வதாகிவிடக்கூடும்.

உதவிக்கு ஆள் கிடைக்காவிட்டால் நிலையத்தை நாடலாம். சின்னமுத்துத் தடுப்பூசி 9 ஆம் மாதத்திலேயே போடப்படுவதால், அதுவரை பிள்ளைகள் நெருங்கியிருக்கும் இடத்தைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. முன்னறிவித்தலின்றி, பிள்ளைகள் உறங்கும் பிற்பகல் இரண்டு மணியளவில் ஒரு தடவையும் உணவு வேளையில் மற்றொரு தடவையும் சென்று பாருங்கள். சுவர் ஓவியங்களையும் விளையாட்டுப் பொருட்களையும் விட, ஒரு பராமரிப்பாளர் எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கிறார், நாள்தோறும் அதே ஆள்தானா, குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா, காய்ச்சலுள்ள பிள்ளையை ஏற்கிறார்களா, மழைக்காலத்தில் டெங்கு நுளம்பு பெருகாதபடி வளவு துப்புரவாக உள்ளதா என்பவையே முக்கியம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். அயலில் உள்ள நிலையங்களைப் பற்றி அவர் அறிந்திருக்கக்கூடும்.

எந்த ஏற்பாடாயினும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. கறந்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் நான்கு நாட்கள் வரை வைத்திருக்கலாம். வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 பாகை செல்சியஸ் வரையான அறைக்கே பொருந்தும் என்பதால், யாழ்ப்பாணத்துப் பகல் வெப்பத்தில் கறந்தவுடன் குளிரூட்டுங்கள், அலுவலகத்திலிருந்து பனிக்கட்டியிட்ட பெட்டியில் கொண்டு வாருங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கி, கோப்பையால் பருக்கலாம். விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்களில் நீங்கள் வீட்டில் இல்லாமல் சில மணி நேரம் இதைப் பழக்குங்கள். தாய் அருகில் இருந்தால் பல பிள்ளைகள் கோப்பையைத் தொட மறுப்பார்கள்.