கேமரா கேள்வி-பதில்: லென்ஸோட ஓட்டைய ஒரு தடவ பாருங்க

இந்த தடவ வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல "எந்த லென்ஸ் வாங்கலாம்"னு தான் கேட்டிருக்கீங்க. பேர் சொல்லி ஒரு லென்ஸ சிபாரிசு பண்றது ரொம்ப சுலபம், ஆனா இப்ப கையில இருக்கற லென்ஸ் எந்த இடத்துல உங்கள தடுக்குதுன்னு தெரியாம புதுசா ஒண்ணு வாங்குனா அதே பிரச்சனை அதுலயும் வந்து நிக்கும். அதனால கொஞ்சம் நிதானமாவே பதில் சொல்றேன்.

கேள்வி: கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸ் தான் ரெண்டு வருஷமா வச்சிருக்கேன். வீட்டுக்குள்ள ராத்திரி என் பொண்ண எடுத்தா எல்லாம் ப்ளர் ஆகுது. லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் ஆன்ல தான் இருக்கு. கேமராவ மாத்தணுமா, லென்ஸ மாத்தணுமா?

பதில்: கேமராவ மாத்த வேணாங்க. முதல்ல அந்த போட்டோல ஒண்ண கம்ப்யூட்டர்ல திறந்து நல்லா பெருசாக்கி பாருங்க. சுவரு, ஜன்னல் கம்பி எல்லாம் பளிச்னு இருந்து பாப்பாவோட கையும் முகமும் மட்டும் இழுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சுன்னா, ஆடுனது உங்க கை இல்ல, பாப்பா தான். ஸ்டெபிலைசேஷன் நம்ம கை நடுக்கத்த மட்டும் தான் சமாளிக்கும், எதிர்ல குதிக்கற குழந்தைய அதால நிறுத்த முடியாது, அதுக்கு ஷட்டர் ஸ்பீட் ஏறணும், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற நேரம் குறையணும். விளையாடுற பிள்ளைங்களுக்கு 1/250 நொடிய விட மெதுவா போகாதீங்க, ஓடுதுன்னா 1/500.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. கிட் லென்ஸ 55ல வச்சு முன்பக்கமா உள்ள உத்துப் பாருங்க, கண்ணாடிக்கு நடுவுல ஒரு ஓட்டை (அப்பர்ச்சர்) தெரியும், ஒரு சென்டிமீட்டர் அகலம் தான் இருக்கும். ஏன்னா எஃப் நம்பர்ங்கறதே ஃபோக்கல் லெங்த்த (18, 55னு லென்ஸ் மேல மிமீ கணக்குல எழுதியிருக்கற எண்) அந்த ஓட்டையோட அகலத்தால வகுத்தா வர்ற எண் தான், 55ஐ 5.6ஆல வகுத்தா கிட்டத்தட்ட 10 மிமீ. அதுவே 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ்ல ஓட்டை 28 மிமீ அகலம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா விளக்கமே தேவைப்படாது, அவ்ளோ வித்தியாசம். ராத்திரி ரூம் லைட்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்) 1600, எஃப் 5.6ல உங்களுக்கு 1/30 தான் கிடைக்குதுன்னு வச்சுக்கங்க, அதே இடத்துல எஃப் 2 வச்சா எட்டு மடங்கு வெளிச்சம், 1/250க்கே போயிடலாம். உங்கள தடுக்கறது இந்த ஓட்டை தான், அதனால எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வாங்குறது உங்க விஷயத்துல சரியான முடிவு.

ஆனா 50ஆ 35ஆன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. கிட் லென்ஸோட ஜூம் ரிங்க 35ல வச்சு சின்னதா ஒரு டேப் ஒட்டிருங்க, ஒரு வாரம் பூரா அதுலயே எடுங்க, அடுத்த வாரம் 50ல ஒட்டி எடுங்க. போட்டோ எப்படி வந்துச்சுங்கறது இப்போதைக்கு முக்கியமில்ல, எந்த வாரம் நீங்க முதுகு சுவத்துல இடிக்கற வரைக்கும் பின்னாடி போனீங்கன்னு மட்டும் பாருங்க. சின்ன ரூம்ல பெரும்பாலும் 35 தான் ஜெயிக்கும்.

இன்னொன்னும் சொல்லிடறேன். 50ல எஃப் 1.8 வச்சு ஒன்றரை மீட்டர் தூரத்துல எடுத்தா முன்னும் பின்னுமா சேத்து ஆறேழு சென்டிமீட்டர் தான் ஷார்ப்பா வரும், கண்ணு தெளிவா இருக்கும் காது மங்கிடும். அதனால ஃபோகஸ் பாயிண்ட்ட கேமராவே எடுத்துக்கட்டும்னு விடாம, நமக்கு கிட்ட இருக்கற கண்ணு மேல நீங்களே வைங்க. முதல் நூறு போட்டோ தப்பா தான் வரும், மனச விட்டுறாதீங்க.

கேள்வி: 50 மிமீ லென்ஸ் என் கேமராவுல 80ஆ மாறிடும்னு நண்பர் சொல்றார். அப்ப கிராப் சென்சாருக்குன்னே செஞ்ச 35ஐ வாங்குனா அது 35ஆவே இருக்குமா?

பதில்: லென்ஸ் எதுவும் மாறாதுங்க. 50 எந்த கேமராவுல மாட்டுனாலும் 50 தான். சென்சார்ங்கறது படத்த பதியற சில்லு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மிமீ, உங்களோடது அதவிட சின்னது (கிராப், ஏபிஎஸ்-சின்னு சொல்றது இதத்தான்), அதனால லென்ஸ் காட்டுற படத்துல நடுப்பகுதிய மட்டும் தான் அது பாக்குது, அவ்ளோதான் விஷயம். பாக்கற அகலத்த ஃபுல் ஃப்ரேமோட ஒப்பிடணும்னா கேனான் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 1.6ஆல, நிக்கான், சோனி, ஃபியூஜிக்கு 1.5ஆல பெருக்கிக்கலாம். கிராப் சென்சாருக்குன்னே செஞ்ச லென்ஸ்லயும் எழுதியிருக்கறது நிஜ ஃபோக்கல் லெங்த் தான், அதனால அதையும் பெருக்கித்தான் பாக்கணும், இதுல நிறைய பேர் குழம்புறாங்க. நீங்க ஃபுல் ஃப்ரேம தொட்டதே இல்லன்னா இந்தக் கணக்கே வேணாம், 18ல என்ன தெரியும் 55ல என்ன தெரியும்னு உங்க கண்ணுக்கு பழகியிருக்கும்ல, அது போதும்.

கேள்வி: ராத்திரி தெருவிளக்க எடுத்தா படத்துல எதிர்ப்பக்கம் பச்சையா ஒரு புள்ளி விழுது. லென்ஸ் பழுதா?

பதில்: யூவி ஃபில்டர் மாட்டியிருக்கீங்களா? அத கழட்டிட்டு அதே ஷாட்ட எடுங்க, அனேகமா புள்ளி காணாம போயிடும். சென்சார்ல பட்டு திரும்புற வெளிச்சம் ஃபில்டர் கண்ணாடில மோதி மறுபடி உள்ள வருது, அதனால தான் விளக்கு எங்க இருக்கோ ஃபிரேமோட மையத்துக்கு அந்தப் பக்கம் நேர் எதிர்ல விழுது. ஃபிலிம் காலத்துல புற ஊதாக் கதிர் படத்துல நீலம் பாய்ச்சும், அப்ப அந்த ஃபில்டருக்கு வேலை இருந்துச்சு, டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாடியே அத வடிகட்டுற அடுக்கு இருக்கு. மணல், கடல் தண்ணி தெறிக்கற இடத்துல மாட்டுங்க, மத்த நேரம் லென்ஸ் ஹுட் (முன்னாடி மாட்டுற மறைப்பு வளையம்) போதும்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். எத பாத்து வாங்கணும்?

பதில்: ஒரு டார்ச்ச எடுத்துட்டு போங்க. இத நான் அனுபவத்துல சொல்றேன். வருஷக்கணக்குக்கு முன்னாடி ஒரு 135 மிமீ லென்ஸ பகல் வெளிச்சத்துல பாத்து, கண்ணாடி சுத்தமா இருக்குன்னு நம்பி வாங்குனேன். எதிர்வெயில்ல எடுத்த படமெல்லாம் புகை மூட்டமா வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் விளக்க அணைச்சுட்டு பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு பாத்தா, உள் கண்ணாடியோட ஓரத்துல இருந்து சிலந்தி வலை மாதிரி மெல்லிசா இழை இழையா மையத்த நோக்கி ஓடுது. பூஞ்சை. அத சுத்தம் பண்ணியும் கோட்டிங்ல அரிச்ச தடம் போகவே இல்ல, இன்னிக்கும் அந்த லென்ஸ பாத்தா மனசு கஷ்டமா தான் இருக்கு.

அதனால ரெண்டு மூடியும் கழட்டி, அப்பர்ச்சர முழுசா திறந்து, டார்ச்ச நேரா அடிக்காம சாய்ச்சு அடிச்சு பாருங்க. ரெண்டு மூணு தூசி இருந்தா விட்டுருங்க, படத்துல தெரியவே தெரியாது. இழை இருந்தா வேணாம். பால் ஊத்துன மாதிரி மங்கலா இருந்தா அது ஹேஸ், ஓரத்துல சோப்பு நுரை மாதிரி வானவில் கலர் தெரிஞ்சா ஒட்டியிருந்த கண்ணாடிங்க பிரியுதுன்னு அர்த்தம், ரெண்டுமே வேணாம். அப்பர்ச்சர் இதழ்கள்ல எண்ணெய் பளபளப்பு இருந்தா அது சீக்கிரம் ஒட்டிக்கும். முன் கண்ணாடில சின்ன கீறல் பரவால்ல, பின் கண்ணாடில இருந்தா யோசிங்க. கடைசியா ஒரு செங்கல் சுவத்துக்கு நேரா நின்னு அப்பர்ச்சர் முழுசா திறந்து ஒரு படம் எடுத்து நாலு மூலையும் பெருசாக்கி பாருங்க, ஒரே ஒரு மூலை மட்டும் மங்கலா இருந்தா, நீங்க சுவத்துக்கு நேரா தான் நின்னீங்கன்னா, அந்த லென்ஸ் எங்கயோ கீழ விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆட்டோஃபோகஸ் விஷயமும் இருக்கு. நிக்கான் டி3500, டி5600 மாதிரி கேமரா பாடில ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பழைய ஏஎஃப்-டி லென்ஸ் அதுல மேனுவலா தான் ஓடும். ஏஎஃப்-எஸ் லென்ஸ்னா உள்ளயே மோட்டார் இருக்கு.

வாங்கிட்டு வந்தப்புறம் தோல் பைல போட்டு அலமாரில அடைச்சுறாதீங்க, பூஞ்சைக்கு அதவிட நல்ல வீடு கிடைக்காது. காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லும் சின்னதா ஒரு ஈரப்பதம் காட்டுற மீட்டரும் போட்டு வைங்க, 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. மாசத்துல ரெண்டு தடவயாவது வெளிய எடுத்து படம் எடுங்க, லென்ஸுக்கும் அது தான் மருந்து.

கேள்வி: மிரர்லெஸ் வாங்கப் போறேன். கையில இருக்கற டிஎஸ்எல்ஆர் லென்ஸ் எல்லாம் வீணா?

பதில்: வீணாகாது, அடாப்டர் போட்டு மாட்டலாம். டிஎஸ்எல்ஆர்ல சென்சாருக்கு முன்னாடி ஒரு மிரர் இருக்கும், மிரர்லெஸ்ல அது இல்ல, அதனால லென்ஸ் சென்சாருக்கு கிட்ட வந்துடும். கேனானோட டிஎஸ்எல்ஆர் மவுன்ட்டான இஎஃப்ல லென்ஸ் மாட்டுற இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல 44 மிமீ, மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப்ல 20 தான், மிச்ச 24 மிமீய நிரப்புற வெறும் குழாய் தான் அந்த அடாப்டர், நடுவுல கண்ணாடி எதுவும் கிடையாது, அதனால படத்தோட தரம் குறையாது. நிக்கான் எஃப் மவுன்ட்ல இருந்து இசட்டுக்கும் இதே கதை தான், ஆனா நிக்கானோட எஃப்டிஇசட் அடாப்டர்லயும் மோட்டார் இல்லாததால ஏஎஃப்-டி லென்ஸ் அங்கயும் மேனுவல் தான். புது லென்ஸ பழைய டிஎஸ்எல்ஆர்ல மாட்டணும்னு நினைச்சா அது நடக்காது, அதனால பாடிய விக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கங்க.

கேள்வி: மலை, வயல் எடுக்கறப்ப எல்லாம் ஷார்ப்பா வரணும்னு எஃப் 22 வைக்கறேன், ஆனா சொத சொதன்னு இருக்கு. ஏன்?

பதில்: ஓட்டை ரொம்ப சின்னதானா வெளிச்சம் அதோட விளிம்புல பட்டு பரவும், அதனால மொத்த படமும் மென்மையாயிடும், எவ்ளோ நல்ல லென்ஸா இருந்தாலும் இது நடக்கும். கிராப் சென்சார்ல எஃப் 8, மிஞ்சிப் போனா எஃப் 11 வைங்க, தூரத்து மலை மேல ஃபோகஸ் பண்ணாம ஃபிரேமோட கீழ் மூணுல ஒரு பங்குல தெரியற ஏதாவது ஒரு கல்லு மேல ஃபோகஸ் பண்ணி எடுத்துப் பாருங்க, எடுத்தவுடனே அங்கயே ஸ்கிரீன்ல மலைய பெருசாக்கி பாத்துட்டு நகருங்க, மங்கலா இருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளி ஃபோகஸ் வச்சு இன்னொன்னு எடுத்துக்கலாம்.