கள்ளா, பதநீரா? ஆல்கஹால் இல்லாத பீரும் ஒயினும்: மாஸ்டரிடம் கேளுங்கள்

பெங்களூர் ஓட்டல் அடுப்பு முன்னால் முப்பது வருஷம் நின்றவன் நான். இப்போது அல்சூரில் வீட்டோடு இருக்கிறேன். கேட்டது அத்தனைக்கும் பதில் வராது. எனக்குத் தெரிந்ததற்கு வரும்.

ஒயிட்ஃபீல்டு தம்பி: மாஸ்டர், ஆல்கஹால் இல்லாத பீர் என்றால் பீரில் தண்ணீர் கலப்பதுதானே?

இல்லை தம்பி. பதநீரும் கள்ளும் ஒரே பாளையில் வடிகிற சாறுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். பீரிலும் ஒரு வழி இந்தப் பதநீர் வழிதான். ஊறலைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், அல்லது மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் சர்க்கரையைத் தின்னத் தெரியாத ஈஸ்டைப் போடுவார்கள். அதில் கொஞ்சம் தித்திப்பும் வேகவைத்த தானிய வாசனையும் தங்கிவிடும்.

இன்னொரு வழி, முழு பீராக ஊறவிட்டு அப்புறம் ஆல்கஹாலை மட்டும் பிரிப்பது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் காய்ச்சினால் பீர் கஞ்சி வாடை அடிக்கும். அதனால் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைப்பார்கள். அப்போது 40 டிகிரி பக்கத்திலேயே ஆவியாகிவிடும். உங்கள் வீட்டு ஆர்.ஓ. மாதிரி சவ்வு வைத்து வடிகட்டுகிறவர்களும் உண்டு. ஒன்றும் புதுசு இல்லை. ஜெர்மனியில் கார்ல் யுங் என்பவர் ஒயினில் அழுத்தத்தைக் குறைத்து ஆல்கஹாலைப் பிரிக்கக் காப்புரிமை வாங்கியது 1908-லேயே.

ஃப்ரேசர் டவுன் வாசகி: சுத்தமாக ஆல்கஹால் இருக்காதா?

லேபிளைப் பாருங்கள். நம் நாட்டு உணவு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் மதுபானம். அதற்குள் இருந்தால் ஆல்கஹால் இல்லாத பானம் என்றே விற்கலாம். 0.0 என்று போட்ட பாட்டில் வேறு, 0.5 என்று போட்டது வேறு. 0.5 உள்ள 330 மில்லி பாட்டிலில் ஒன்றரை மில்லிக்குக் கொஞ்சம் மேல் ஆல்கஹால். சாதாரண 5 சதவீத பீரில் பதினாறரை மில்லி. பத்து பாட்டில் குடித்தால் ஒரு பாட்டில் கணக்கு.

கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். குடியை விட்டவர்களும், அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் 0.0 கூட வேண்டாம். அந்த வாசனையே பழைய ஞாபகத்தைக் கிளப்பும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

ஜெயநகர் தங்கை: பஜ்ஜி மாவில் ஊற்றலாமா?

கடலை மாவில் ஊற்றி வீணாக்காதீர்கள். அதன் வாசனைக்கு முன்னால் மால்ட் நிற்காது, சோடாவே போதும். மைதா ஒரு கப், அரிசி மாவு கால் கப், உப்பு, மிளகுத்தூள். எண்ணெய் காய்ந்த பிறகு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பீர் ஒரு கப் ஊற்றி நாலே சுற்று கலக்குங்கள். கட்டி இருந்தால் இருக்கட்டும், ரொம்பக் கலக்கினால் ரப்பராகும். நிஜ பீரில் மாவு இழுபடாமல் ஆல்கஹால் தடுக்கும், சீக்கிரம் ஆவியாகி மொறுமொறுப்பும் தரும். இங்கே அந்த வேலைக்குத்தான் அரிசி மாவு. வஞ்சிரத் துண்டும் வெங்காய வளையமும் இதில் பிரமாதமாக வரும்.

கம்மனஹள்ளி சார்: மட்டன் குழம்பில்?

ஒருமுறை ஓட்டலில் இரண்டு பாட்டிலை ஊற்றிச் சுண்டவிட்டேன். மேலே நுரை அடங்கி, நிறம் அழகாகக் கறுத்தது. வாயில் வைத்தால் பாகற்காய்க் குழம்பு! ஹாப்ஸ் என்று பீரில் போடும் பூவின் கசப்பு ஆவியாகாது, சுண்டச் சுண்ட ஏறும். கிலோ கறிக்கு அரை கப், அதுவும் கசப்பு குறைந்த கறுப்பு பீர், வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, துளி வெல்லம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி தம்பி: கிக் வருமா?

வராது.

ஆர்.டி. நகர் வாசகர்: 0.0 என்றால் சுத்தமாக இருக்காதா?

ஃப்ரேசர் டவுனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இந்திரா நகர் வாசகி: ஒயின் மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது?

ஒயினில் 12, 13 சதவீதம் ஆல்கஹால். நாக்கில் கனமாக உட்காருவது அதுதான். அதை எடுத்தால் புளிப்பும் தண்ணீரும்தான் மிச்சம், அதை மறைக்கச் சர்க்கரை சேர்ப்பார்கள். குடிக்க வேண்டுமானால் நுரைக்கிற ரகம் வாங்குங்கள், குமிழி கொஞ்சம் ஈடுகட்டும். சமையலுக்கு எதற்குக் காசு? நம் பெங்களூர் நீலத் திராட்சையைப் பிழிந்து, அரை ஸ்பூன் வினிகர் விட்டால் போதும்.

காக்ஸ் டவுன் அக்கா: எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் ஒயினும் ஆல்கஹால் இல்லாததுதான். நாங்கள் எதையும் கலப்பதில்லை.

அக்கா, என்னென்ன போடுகிறீர்கள்?

அதே அக்கா: திராட்சை, சீனி, ஈஸ்ட், பட்டை, கிராம்பு. ஜாடியில் 21 நாள். அவ்வளவுதான்.

ஈஸ்ட் அங்கே சும்மாவா உட்கார்ந்திருக்கும்? லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரையை அது தின்றால் ஒரு சதவீதம் ஆல்கஹால். 170 கிராம் தின்றால் பத்து. உங்கள் ஜாடியில் கடை ஒயின் இருக்கிறது.

அதே அக்கா: எங்கள் பாட்டி குழந்தைகளுக்கே கொடுப்பார்கள்!

பாட்டி கொடுத்தது இஞ்சி ஒயினாக இருக்கும். இஞ்சியையும் கருக்கிய சீனியையும் காய்ச்சி எலுமிச்சை பிழிவது. ஈஸ்ட் போடாமல் காய்ச்சி உடனே குடித்தால் அது சர்பத்.

சிவாஜி நகர் அண்ணன்: பழுத்த வாழைப்பழத்திலும் ஆல்கஹால் உண்டு மாஸ்டர். அக்காவை விடுங்கள்.

உண்டு, துளி. அந்தத் துளியையும் பத்து சதவீதத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அதே அக்கா: சரி, கேக்கில் ஊற்றினால் வெந்து போய்விடுமே?

முழுக்கப் போகாது. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி, மாவில் கலந்து 15 நிமிஷம் வேகவைத்தால் 40 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில் 5. பிள்ளைகளுக்கு என்றால் பழத்தைத் திராட்சைச் சாற்றில் ஊறவையுங்கள்.

கோரமங்களா தம்பி: திறந்தால் எத்தனை நாள் தாங்கும்?

பீர் அன்றைக்கே. ஒயின் ஃபிரிட்ஜில் மூன்று நாள். காப்பாற்ற உள்ளே ஆல்கஹால் இல்லையே. பச்சை பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள், நாறும்.

பனசவாடி வாசகர்: மாஸ்டர், 0.0 என்றால்...

லேபிள்!

காக்ஸ் டவுன் அக்கா: கோபமில்லையே மாஸ்டர்? டிசம்பரில் உங்களுக்கு ஒரு பாட்டில் அனுப்பவா?

தாராளமாக அனுப்புங்கள் அக்கா. பாட்டில் மேல் 'ஜூஸ்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், வீட்டில் பேரன் இருக்கிறான்.