வெந்நீருக்கா இவ்வளவு காசு?

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகன், வரும் அக்டோபரில் என்னையும் என் மனைவியையும் யுனோட்சு என்ற கடலோர ஊருக்கு அழைத்துப் போகிறான். அங்கே ஒரு பழைய வெந்நீரூற்று விடுதியில் ஓர் இரவு தங்க ஆளுக்கு 20,000 யென்னாம். அறையில் கட்டில் கிடையாது, குளியலறையும் கிடையாது. பொதுத் தொட்டியில் உடம்பில் துணியே இல்லாமல் இறங்க வேண்டுமாம். ராத்திரிச் சாப்பாடு 6 மணிக்கே. நாங்களோ சைவம். வெந்நீரில் குளிக்க இவ்வளவு செலவு தேவையா? ரத்து செய்யச் சொல்லிவிடலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: சொல்லாதீர்கள். நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளில் ஒன்றே ஒன்றுதான் உண்மையான சிக்கல். மற்றதெல்லாம் அந்த வீட்டை ஓட்டல் என்று நினைத்துக்கொண்டதால் வந்தவை.

முதலில் வெந்நீர். ஜப்பானில் எந்தச் சுடுநீரையும் ‘ஓன்சென்’, அதாவது வெந்நீரூற்று, என்று சொல்லிவிட முடியாது. 1948-ல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். பூமியிலிருந்து வரும்போதே 25 டிகிரி சூடாவது இருக்க வேண்டும், அல்லது சட்டம் பட்டியலிட்டுள்ள 19 பொருட்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவில் கலந்திருக்க வேண்டும். யுனோட்சு என்ற பெயருக்கே ‘வெந்நீர்த் துறை’ என்றுதான் பொருள். அங்கே மோட்டோயு என்ற பொதுக் குளியலகத்துக்கு 1,300 ஆண்டு மரபு சொல்கிறார்கள். அடிபட்ட தனுகி ஒன்று (நரியும் நாயும் கலந்தாற்போன்ற காட்டு விலங்கு) ஊற்றில் கிடந்து புண் ஆற்றிக்கொண்டதை வழிப்போக்கரான துறவி ஒருவர் பார்த்தாராம். அது ஐதீகம். இன்னோர் ஊற்றான யகுஷியு, 1872-ல் அந்தப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் பீறிட்டது. அது வரலாறு.

நான் அங்கே போயிருக்கிறேன். தொட்டியின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். தாது படிந்து படிந்து, அடுப்பில் பொங்கி வழிந்து காய்ந்த கஞ்சிபோல் பழுப்பாக இறுகியிருக்கும். கீழே என்ன கல் பதித்தார்கள் என்றே தெரியாது. காலை வைத்தேன், சுரீரென்றது, எடுத்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் பேசாமல் ஒரு மரச்செம்பை நீட்டினார். பாதம், முழங்கால், இடுப்பு, தோள் என்று வரிசையாக மொண்டு ஊற்றிக்கொள்ளச் சைகை காட்டினார். பிறகு இறங்கி, கையைக்கூட அசைக்காமல் உட்காரச் சொன்னார். அசைந்தால்தான் சுடுகிறது, அசையாமல் இருந்தால் உடம்பு தாங்கிக்கொள்கிறது. மூன்று நிமிடத்தில் வெளியே வந்தேன். அதற்கு மேல் நீங்களும் இருக்க வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

துணி விஷயம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தொட்டி தனித்தனி. இறங்குவதற்கு முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு அழுக்குப் போகத் தேய்த்து, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டி. அங்கே நீர் ஒருபக்கம் ஊற்றிலிருந்து வந்து மறுபக்கம் வழிந்து போய்க்கொண்டே இருக்கிறது. அதில் துணியோடு இறங்குவது, அடுத்தவர் குளிக்கும் நீரில் அழுக்கைக் கரைப்பது. கையிலிருக்கும் சின்னத் துண்டைக்கூட நீரில் படாமல் தலையில் மடித்து வைத்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அப்படியும் கூச்சம் போகாவிட்டால், ஒரு குடும்பத்துக்கென்று பூட்டிக்கொள்ளும் குளியலறை சில இடங்களில் உண்டு, மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

6 மணிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். 20,000 யென் அறை வாடகை அல்ல. ராத்திரி விருந்தும் காலைச் சாப்பாடும் சேர்ந்தது அது. பத்துப் பன்னிரண்டு சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றும் அதனதன் சூட்டில் வர வேண்டும். பல வீடுகளில் பரிமாறுகிற அம்மாவேதான் பிறகு மேசையை ஓரம் தள்ளி, சுவர் அலமாரியிலிருந்து மெத்தையை எடுத்து, பாயின் மேல் விரிக்கிறார். சாப்பாட்டுக் கூடமாக இருந்த அறை படுக்கையறையாகிவிடும். கட்டில் போட்டால் இந்த வித்தை நடக்காது. 8 மணிக்குப் போய் நின்றால், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த விருந்தாளி கதைதான். மதியம் 3 மணிக்கே போய்ச் சேருங்கள். ஒரு குளியல், சாப்பாடு, இன்னொரு குளியல், உறக்கம், விடியலில் மறுபடி ஒன்று. அந்த வீட்டின் நேரம் அப்படித்தான் ஓடும்.

இனி உண்மையான சிக்கல்: சைவம். மீன்பிடித் துறையிலுள்ள வீடு அது. மீன் துண்டு போடாத கிண்ணத்திலும் ‘தாஷி’ என்ற சாறு இருக்கும். உலர்த்திச் சீவிய சூரை மீனில் இறக்குவது அது. குழம்பு, கீரை, முட்டை எல்லாவற்றிலும் உண்டு. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீனை எடுத்துவிட்டு அதே சாற்றில் காய் வேக வைத்துத் தருவார்கள், அவர்கள் மீது தப்பில்லை. ‘மீன் சாறும் கூடாது, கொம்பு என்ற கடற்பாசியில் இறக்கிய சாறு போதும்’ என்று பதிவு செய்யும்போதே எழுத வேண்டும். முடியாது என்று பதில் வந்தால் சாப்பாடு இல்லாமல் தங்க மட்டும் முடியுமா என்று கேளுங்கள், வாடகையும் நன்றாகக் குறையும்.

‘பழைய’ என்று நீங்கள் குறையாக எழுதிய சொல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. இவாமி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஒரு காலத்தில் யுனோட்சுதான் துறை. பக்கத்துக் குடாவான ஒகிதொமாரியில் கப்பலைக் கட்டக் கரைப்பாறையிலேயே துளை குடைந்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘ஹனகுரி’, அதாவது மாட்டுக்கு மூக்கணை குத்திய துளை. நமக்கு விளக்கவே வேண்டாம். 2007-ல் சுரங்கத்தோடு இந்தத் துறையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

இப்படிப்பட்ட பழைய விடுதிகள் என்ன ஆகின்றன என்பதற்கு ஓர் உதாரணம். ஜப்பானின் இஸு தீபகற்பத்தில் இத்தோ என்று ஒரு கடலோர வெந்நீரூற்று ஊர். அங்கே 1928-ல் திறந்த தோகைகான், மூன்று மாடி மர விடுதி. மாடிக்கு ஒரு தச்சராகப் போட்டி போட்டு இழைத்தது. 1997-ல் மூடிவிட்டார்கள். 2001 முதல் நகராட்சி அதைக் காட்சிக்கூடமாகத் திறந்து வைத்திருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு போய் நிலைக்கதவையும் ஜன்னல் வேலைப்பாட்டையும் பார்க்கலாம். அங்கே ராத்திரி யாரும் மெத்தை விரிப்பதில்லை. உங்கள் மகன் பதிவு செய்திருக்கும் வீட்டில் இன்னும் விரிக்கிறார்கள். கட்டில் இல்லை என்று நீங்கள் ரத்து செய்யப் பார்ப்பது அதைத்தான்.

மகனுக்கு இன்றைக்கே எழுதுங்கள். மீன் சாறு விஷயம் முதலில். தேதியை மாற்ற முடியுமானால் சனிக்கிழமை இரவாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஊர்க் கோயிலில் அன்று ககுரா என்ற கூத்து நடப்பது வழக்கம், மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த பெரிய பாம்பு மேடையில் புரளும். விடுதியில் கொடுக்கும் யுகாதா அங்கியோடும் மரச்செருப்போடும் நடந்தே போய்விடலாம். அங்கியின் இடது பக்கம் மேலே வரட்டும். வலதை மேலே போட்டுக் கட்டுவது இறந்தவர்களுக்கு.