கேளுங்க, சொல்றோம்: கராங்குனிகாரரும் செத்துப்போன போனும்

அக்கா, வீட்டுல உடைஞ்ச போன், ஆன் ஆகாத லேப்டாப், பழைய மிக்ஸி எல்லாம் கிடக்கு. பழைய சாமான் வாங்கற கராங்குனிகாரர் வாசலுக்கே வந்து காசு குடுத்து எடுத்துட்டுப் போறாரு, நான் எதுக்கு ஈ-வேஸ்ட் (மின்னணுக் கழிவு) பெட்டியைத் தேடி அலையணும்?
- வாசகி, தெம்பனிஸ்

நியாயமான கேள்விதாம்மா. கராங்குனிகாரரை நான் குறை சொல்ல மாட்டேன், ஓடுற டிவி அவர் கைக்குப் போனா இன்னொரு வீட்டுல ஓடும், அதைவிட நல்ல மறுசுழற்சி கிடையாது. செத்துப்போன சாமான்னா கதை வேற. காசாகுற செம்பு, இரும்பு போக மிச்சம் எங்க போகுதுன்னு யாரு கண்டா? உங்க போனுக்குள்ள தங்கம், வெள்ளி, கோபால்ட் எல்லாம் இருக்கு (டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல குடுத்த சுமார் 5,000 மெடலும் ஜப்பான் மக்கள் குடுத்த பழைய போன், கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த உலோகத்துல செஞ்சதுதான்), ஆனா அதைப் பிரிக்க ஒழுங்கான ஆலை வேணும், கண்ட இடத்துல உடைச்சு எரிச்சு எடுத்தா ஈயமும் பாதரசமும்தான் வெளிய வரும்.

இங்க சிங்கப்பூர்ல 2021 ஜூலையில இருந்து ஈ-வேஸ்ட்டுக்குன்னு திட்டமே நடக்குது, விக்கிற கம்பெனிங்கதான் சேகரிக்கிற செலவை ஏத்துக்கணும். அதனால போனையும் லேப்டாப்பையும் தாராளமா பெட்டியில போடுங்க, போடறதுக்கு முன்னாடி போட்டோ எல்லாம் அழிச்சிடுங்க. புது ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கினா டெலிவரிக்கு வர்றவங்க பழசை இலவசமா எடுத்துட்டுப் போகணும், நம்ம ஆளுங்க பாதிப் பேரு இதைக் கேக்கறதே இல்ல!

மிக்ஸி மட்டும் அந்தத் திட்டத்துல வராது. பெட்டியில திணிக்காதீங்க. ரிப்பேர் பாருங்க, முடியலன்னா உங்க கராங்குனிகாரரே கதி.

பழைய பேட்டரியைக் குப்பையில போட்டா என்ன தப்பு? எப்படியும் எரிக்கத்தானே போறாங்க?
- வாசகர், ஈசூன்

எரிக்கிறாங்கதான், அந்தச் சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகுது, நமக்குக் குப்பை கொட்ட இருக்கற இடமே அது ஒண்ணுதான், அதுவும் 2035 வாக்குல நிரம்பிடும்னு சொல்றாங்க. அதைவிட அவசர விஷயம் லித்தியம் பேட்டரி, குப்பை லாரியில நசுங்கினா தீப்பிடிக்கும். மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியிலயும் போடாதீங்க. பேட்டரிக்குன்னு இருக்கற பெட்டியில போடுங்க, போடறப்ப ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டிடுங்க. உப்பிப்போன பேட்டரின்னா அதுலயும் வேணாம், சேகரிக்கிறவங்ககிட்ட முதல்ல கேட்டுக்குங்க.