பிட்ஸ்பரோவில் சிலை எங்கே போனது?

தம்பி, அமெரிக்காவின் வட கரோலினாவில் கேரியிலிருந்து பிட்ஸ்பரோ ஊர்ப் பக்கம் வீடு மாறப் போவதாக எழுதியிருந்தீர்கள். வழியில் கான்ஃபெடரேட் கொடிகளைப் பார்த்தீர்களாம், அங்கே ஏதோ சிலைத் தகராறு நடந்ததாமே, குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போகலாம். சிலை இப்போது இல்லை. ஊர் நடுவே ரவுண்டானாவுக்குள் நிற்கும் பழைய கோர்ட் வாசலில், உயரமான பீடத்தின்மேல் நின்ற கான்ஃபெடரேட் சிப்பாய் அது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைக்கு வைத்த நினைவுச் சின்னம்.

வைத்த வருடத்தைக் கவனியுங்கள்: 1907. அந்த மாநிலங்கள் பிரிந்ததால் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததோ 1865-இல். நடுவில், 1898-இல் இதே வட கரோலினாவின் வில்மிங்டனில் வெள்ளையர்கள் ஆயுதத்தோடு வந்து, தேர்தலில் வென்ற நகர நிர்வாகத்தையே துரத்தினார்கள். 1900-இல் ஓட்டுப் போட எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று சட்டம் திருத்திக் கறுப்பர்களின் ஓட்டைப் பறித்தார்கள். அதற்கப்புறம் கோர்ட் வாசலில் இந்தச் சிப்பாய். வெறும் அஞ்சலி என்று சொன்னால் என்னால் நம்ப முடியவில்லை.

எடுத்த கதைதான் சுவாரஸ்யம். பொது இடத்துச் சின்னங்களை எளிதில் அகற்ற முடியாதபடி 2015-இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பிட்ஸ்பரோ இருக்கும் சாத்தம் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் அதோடு நேராக மோதவில்லை. 1907-இல் எழுதிய அனுமதிப் பத்திரத்தைத் தூசி தட்டி எடுத்தது. சிலை வைத்த யுனைட்டெட் டாட்டர்ஸ் ஆஃப் த கான்ஃபெடரசி என்ற பெண்கள் சங்கத்துக்கே அது சொந்தம், இடம் மட்டும்தான் எங்களுடையது, கொடுத்த அனுமதியை ரத்து செய்கிறோம், உங்கள் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. சங்கம் வழக்குப் போட்டும் சிலையைக் காப்பாற்ற முடியவில்லை. 2019 நவம்பரில் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிவிட்டார்கள்.

கொடிகள் அந்தச் சண்டையில் முளைத்தவை. தனியார் நிலம் என்பதால் அரசு எளிதில் கைவைக்க முடியாது. ஒன்றை ஹார்ட்டன் நடுநிலைப் பள்ளிக்கு எதிரே நட்டார்கள். ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன் இதே கவுண்ட்டியில் அடிமையாக இருந்துகொண்டே 1829-இல் கவிதைப் புத்தகம் போட்டவர். அவர் பெயர் கொண்ட பள்ளிக்கு எதிரே!

அக்கம்பக்கத்தில் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். யாராவது தன் கொள்ளுத்தாத்தா அந்தப் போரில் செத்தார் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தத் துக்கம் பொய்யில்லை. உங்கள் கருத்தைச் சொல்ல கவுண்ட்டி கமிஷனர்கள் கூட்டம் இருக்கிறது. பொதுமக்கள் பேசவென்றே நேரம் ஒதுக்குவார்கள், குடியுரிமை எல்லாம் கேட்க மாட்டார்கள். அப்புறம், பழைய கோர்ட்டுக்குள் ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. வீடு பார்க்கப் போகும் அன்றைக்கே அதையும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.