திசு வாழை முதல் இன்சுலின் வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: திசு வாழையும் மரபணு மாற்றப் பயிர்தானே? நம்பி நடலாமா?

இல்லை. நல்ல தாய்வாழையின் பக்கக்கன்றில் குருத்துமுனையை வெட்டி, சத்துக் கலவையில் வைத்துப் பெருக்குகிறார்கள். வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேர்வதில்லை. கன்றுகள் ஒரே வயது என்பதால் தார்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெட்டுக்கு வரும். கிழங்கோடு வரும் கூன்வண்டு, நூற்புழுத் தொல்லையும் இல்லை. பயப்பட வேண்டியது வைரஸுக்குத்தான். தாய்மரத்தில் முடிக்கொத்து நோய் இருந்தால் அதிலிருந்து பெருக்கிய கன்றுகளுக்கும் தொற்றும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வைரஸ் சோதனைச் சான்று இல்லாத கன்றை வாங்காதீர்கள். குடுவையிலிருந்து எடுத்த கன்று நேரடி வெயிலில் கருகிவிடும். பசுமைக்குடிலிலும் பிறகு நிழல்வலையிலும் பழக்கிய, ஓரடி உயரமும் ஐந்தாறு இலையும் உள்ள கன்றைக் கேட்டு வாங்குங்கள். 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,200 கன்று பிடிக்கும்.

கேள்வி: உளுந்து விதையில் ரைசோபியம் (காற்றின் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, வேர் முடிச்சில் பிடித்துத் தரும் பாக்டீரியா) கலந்தும் வேரில் முடிச்சைக் காணோமே?

முதலில், செடியை எப்படி எடுத்துப் பார்த்தீர்கள்? பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். சுமார் 30 நாள் பயிரை மண்ணோடு தோண்டி, நீரில் மெல்ல அலசிப் பாருங்கள். முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்தைப் பிடிக்கவில்லை.

முடிச்சே இல்லையென்றால் பாக்டீரியா விதைப்புக்கு முன்பே செத்திருக்கலாம். வெயிலில் கிடந்த பொட்டலம், காலாவதியான சரக்கு, சூடு ஆறாத கஞ்சியில் கரைத்தது, பூஞ்சாணக்கொல்லி தடவிய அன்றே கலந்தது, இவைதான் வழக்கமான காரணங்கள். ஏக்கருக்கான 8 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதும். நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையில் பூசி, 30 நிமிடம் நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். பூஞ்சாணக்கொல்லி போடுவதானால் முதலில் அது, ஒரு நாள் கழித்து ரைசோபியம். யூரியாவை அள்ளிப் போட்டாலும் முடிச்சு குறையும். கேட்காமலே தழைச்சத்து கிடைக்கும்போது செடி பாக்டீரியாவைத் தேடாது.

கேள்வி: இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதா?

முன்பு பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் சேர்த்துத் தயாரித்த மருந்துக்கு 1982இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இன்று பெரும்பாலும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்தான் இதைத் தயாரிக்கின்றன. இது புரதம் என்பதால் பதம் கெட்டால் பலன் போய்விடும். பிரிக்காததை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். உறைந்துபோனால், உருகிய பிறகும் போடக்கூடாது. திறந்ததைப் பெரும்பாலும் 28 நாள் வரை பயன்படுத்தலாம், உறையில் உள்ள குறிப்பே இறுதி. தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள். பால்போல இருக்கும் வகையும் உண்டு, அதை உருட்டிக் கலந்து போட வேண்டும்.

கேள்வி: பி.டி. பருத்தியிலும் அசுவினி வருகிறதே?

வரத்தான் செய்யும். பி.டி. என்பது ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி; அதனால் செடியில் உருவாகும் பி.டி. புரதம் காய்ப்புழுக்களின் குடலைத்தான் தாக்கும். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈயை அது ஒன்றும் செய்யாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் இப்போது அதைத் தாங்கப் பழகிவிட்டது. ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் மணத்தால் ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் பொறி) வையுங்கள். ஒரு பொறியில் இரவுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் மருந்தடிக்கும் நேரம் வந்துவிட்டது. பருத்தி எடுத்து முடித்ததும் செடியை மறுதாம்புக்கு (மீண்டும் துளிர்த்துக் காய்க்க) விடாமல் அழித்துவிடுங்கள்.